விழுந்த புரோகிராம் விட்டுச்செல்லும் கோப்பு: லினக்ஸில் கோர் டம்ப்பைப் பெறுவது எப்படி

சர்வரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு புரோகிராம் நள்ளிரவில் நின்றுபோகிறது. காலையில் லாக்கை (புரோகிராம் எழுதும் பதிவுக் கோப்பை) திறந்தால் கடைசி வரி வழக்கமான வரிதான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. வெளியேறும்போது அது தந்த எண் 139 என்று மட்டும் எங்கோ பதிவாகியிருக்கிறது. அதே புரோகிராமை உங்கள் மடிக்கணினியில் எத்தனை முறை ஓட்டினாலும் ஒழுங்காக ஓடுகிறது. இந்த இடத்தில் பலரும் செய்வது ஒன்றுதான்: சந்தேகம் வருகிற இடத்திலெல்லாம் இன்னும் நாலு லாக் வரிகளைச் சேர்த்துவிட்டு, மறுபடி விழட்டும் என்று காத்திருப்பது.

ஆனால் லாக் வரி எங்கே இருக்கும்? தவறு நடக்கலாம் என்று எழுதியவர் முன்கூட்டியே நினைத்துப் பார்த்த இடங்களில் மட்டும்தான் இருக்கும். புரோகிராம் விழுவதோ பெரும்பாலும் அவர் நினைத்தே பார்க்காத இடத்தில். அதனால்தான் லாக்கை எவ்வளவு கூட்டினாலும் சில பிழைகள் பிடிபடுவதே இல்லை.

இதற்கு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே வழி இருக்கிறது. புரோகிராம் விழும் நொடியில் அதன் நினைவகத்தில் இருப்பதை ஒரு கோப்பாக எழுதிவைக்கும்படி கெர்னலிடம் சொல்லலாம். அந்தக் கோப்புதான் கோர் டம்ப். எந்த ஃபங்ஷனுக்குள் இருந்தது, அதை யார் அழைத்தார்கள், எந்த மாறியில் என்ன மதிப்பு இருந்தது, மற்ற த்ரெட்கள் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் கிளைகள்) அப்போது என்ன செய்துகொண்டிருந்தன, எல்லாம் அதில் கிடைக்கும். ஒரே ஒரு நிபந்தனை: விழுவதற்கு முன்பே இதை அமைத்துவைத்திருக்க வேண்டும். விழுந்த பிறகு எந்தக் கருவியாலும் அந்த நொடியைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆகவே புதிய சர்வர் ஒன்றை எடுத்தால், பேக்கப்பை அமைக்கும் அதே நாளில் இதையும் அமைத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இந்தக் கட்டுரையில் ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். பெரிய எழுத்து என்று தனியாகச் சொன்ன இடங்களைத் தவிர, தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள்.

கெர்னல் என்ன செய்கிறது?

ஒரு புரோகிராம் தனக்குச் சொந்தமில்லாத நினைவக முகவரியைத் தொட்டால் அதை முதலில் கவனிப்பது சிபியுதான். அது வேலையை நிறுத்திவிட்டு விஷயத்தைக் கெர்னலிடம் ஒப்படைக்கும். கெர்னல் உடனே தண்டித்துவிடாது. அந்த முகவரி நியாயமானதுதானா, வட்டிலிருந்து இன்னும் ஏற்றப்படாத பக்கமா என்று பார்க்கும். அப்படியானால் ஏற்றிக்கொடுத்துவிட்டு ஓட்டத்தைத் தொடரவிடும். நியாயமே இல்லையென்றால் புரோகிராமுக்கு 11ஆம் எண் சிக்னலை, அதாவது ஓர் அறிவிப்பை, அனுப்பும். திரையில் நாம் பார்க்கும் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' இதுதான்.

சிக்னல் வந்தால் என்ன செய்வது என்று புரோகிராம் தனியாகச் சொல்லிவைக்காவிட்டால் கெர்னல் தன் வழக்கப்படி நடந்துகொள்ளும். சில சிக்னல்களுக்கு அந்த வழக்கம், கோர் டம்ப் எடுத்துவிட்டு முடித்துவிடுவது. 11 அப்படிப்பட்டது. புரோகிராம் தானே 'அபார்ட்' செய்துகொள்ளும்போது வரும் 6, முழு எண்ணைச் சுழியால் வகுக்கும்போது வரும் 8, சிபியுவுக்குப் புரியாத கட்டளை வந்தால் 4 ஆகியவையும் இந்த வகைதான்.

ஷெல் காட்டும் வெளியேறும் எண்ணிலிருந்து 128ஐக் கழித்தால் சிக்னல் எண் கிடைக்கும். 139 என்றால் 11. 134 என்றால் 6. இந்தக் கழித்தலைப் பழகிக்கொள்ளுங்கள், நிறைய நேரம் மிச்சமாகும். முக்கியமாக 137ஐப் பார்க்கும்போது. அது 9ஆம் எண் சிக்னல், அதாவது கட்டாயக் கொலை. அதற்குக் கோர் டம்ப் கிடையாது. நினைவகம் தீர்ந்துபோகும்போது கெர்னல் ஏதாவது ஒரு புராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை) பலிகொடுக்குமே, அப்போது அனுப்புவதும் இந்த 9தான். ஆகவே 137 என்று வந்தால் கோர் கோப்பைத் தேடி அலைய வேண்டாம். 'டிமெசேஜ்' (dmesg) கட்டளையில் கெர்னல் எழுதியிருக்கும் வரிகளைப் பாருங்கள்.

அந்தக் கட்டளை இன்னொன்றுக்கும் உதவும். 11ஆம் எண் சிக்னலால் ஒரு புரோகிராம் விழும்போது, இன்டெல், ஏஎம்டி கணினிகளில் கெர்னல் வழக்கமாக ஒரு வரி எழுதும். புரோகிராமின் பெயர், தொட முயன்ற முகவரி, அப்போது ஓடிக்கொண்டிருந்த கட்டளையின் முகவரி, கடைசியில் 'எரர்' என்று ஒரு எண். அந்த எண் 4 என்றால் இல்லாத பக்கத்தைப் படிக்க முயன்றிருக்கிறது. 6 என்றால் அதில் எழுத முயன்றிருக்கிறது. முகவரி 0 என்றிருந்தால் நல் பாயின்டர், அதாவது எதையும் சுட்டாத முகவரி. 8, 10, 18 மாதிரி சின்ன எண்ணாக இருந்தாலும் பெரும்பாலும் நல் பாயின்டர்தான்: ஸ்ட்ரக்சரின் முகவரி சுழி, அதற்குள் ஏதோ ஒரு உறுப்பைத் தொட்டிருக்கிறார்கள். கோர் டம்ப் இல்லாத நிலையிலும் இந்த ஒரு வரி பாதி வழியைக் காட்டிவிடும்.

கோர் பேட்டர்ன் என்ற அமைப்பு

கோர் கோப்புக்கு என்ன பெயர், அது எங்கே போக வேண்டும் என்பதை முடிவுசெய்யும் கெர்னல் அமைப்பின் பெயர் கோர்_பேட்டர்ன். /ப்ராக்/சிஸ்/கெர்னல்/ என்ற இடத்தில் இந்தப் பெயரில் ஒரு கோப்பாகத் தெரியும். எதையும் மாற்றுவதற்கு முன் 'கேட்' கட்டளையால் அதைப் படித்துப் பாருங்கள். ஒரே வரிதான் இருக்கும்.

வெறும் 'கோர்' என்று இருந்தால் அது கெர்னலின் மாறாத பழைய வழக்கம். புரோகிராம் எந்த டைரக்டரியில் நின்று ஓடுகிறதோ அங்கேயே 'கோர்' என்ற பெயரில் கோப்பு விழும். கேட்க எளிமையாக இருக்கிறது, ஆனால் சர்வருக்கு இது பொருந்தாது. பின்னணியில் ஓடும் சேவைகள் பெரும்பாலும் ரூட் டைரக்டரியில் நின்றுதான் ஓடுகின்றன. சாதாரணப் பயனராக ஓடும் சேவைக்கு அங்கே எழுத அனுமதி இல்லை. எழுத முடியாவிட்டால் கெர்னல் பேசாமல் விட்டுவிடும். அப்படியே எழுதினாலும், அடுத்து அதே இடத்தில் விழும் புரோகிராம் அந்தக் கோப்பின் மேலேயே எழுதிவிடலாம்.

வரி நெட்டுக்கோட்டில் | தொடங்கினால் கோர் டம்ப் நேராக வட்டுக்குப் போவதில்லை. வேறொரு புரோகிராமுக்குக் குழாய் வழியாகப் போகிறது. உபுண்டுவில் அது வழக்கமாக அபோர்ட் (apport) என்ற கருவி. ஃபெடோராவிலும் இன்னும் பலவற்றிலும் சிஸ்டம்டி-கோர்டம்ப் (சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ஒரு பகுதி). இந்த வசதி 2.6.19 கெர்னலில் வந்தது. புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். திரையில் 'கோர் டம்ப்ட்' என்று அடைப்புக்குறிக்குள் தெளிவாக எழுதியிருக்கிறது, ஆனால் டைரக்டரியில் கோப்பையே காணோம். கெர்னல் பொய் சொல்லவில்லை. எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டது, அவ்வளவுதான். அவர் அதை எங்கே வைத்தார், வைத்தாரா இல்லையா என்பது வேறு கேள்வி.

உங்கள் கணினியில் சிஸ்டம்டி-கோர்டம்ப் இருந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அது நன்றாகவே வேலை செய்கிறது. 'கோர்டம்ப்சிடிஎல் லிஸ்ட்' என்று தட்டினால் இதுவரை விழுந்த புரோகிராம்களின் பட்டியல் வரும். கோப்பு இருக்கிறதா, பாதியில் வெட்டப்பட்டதா, காணாமல் போய்விட்டதா என்று ஒவ்வொன்றின் எதிரிலும் எழுதியிருக்கும். 'கோர்டம்ப்சிடிஎல் டீபக்' என்றால் கடைசியாக விழுந்ததை டீபக்கரில் (பிழைதேடும் கருவியில்) திறந்தே கொடுத்துவிடும். கோப்புகளைச் சுருக்கி வைக்கும், பழையதைத் தானே நீக்கும். குறை என்று சொன்னால், மிகப் பெரிய டம்ப்புகளுக்கு அது வரம்பு வைத்திருக்கிறது. பெரிய தரவுத்தளம் மாதிரி நிறைய நினைவகம் பிடிக்கும் புரோகிராமாக இருந்தால் அந்த வரம்பை அதன் அமைப்புக் கோப்பில் உயர்த்திக்கொள்ளுங்கள்.

அது இல்லாத சர்வரிலோ, கோப்பு நேராக நம் கையில் வேண்டும் என்றாலோ, பேட்டர்னை நாமே எழுதலாம்.

நம் பேட்டர்னை எழுதுவது

முதலில் கோப்புகளுக்கு ஓர் இடம் வேண்டும். /வார்/கோர்ஸ் என்று ஒரு டைரக்டரி வைத்துக்கொள்வோம். கெர்னல் அதைத் தானாக உருவாக்காது, நாம்தான் உருவாக்க வேண்டும். விழும் புரோகிராம் எந்தப் பயனராக ஓடியதோ அந்தப் பயனரின் பெயரில்தான் கோப்பு எழுதப்படும். எனவே அந்தப் பயனருக்கு இங்கே எழுத அனுமதி வேண்டும். பல பயனர்களின் சேவைகள் ஓடும் சர்வர் என்றால் டைரக்டரிக்கு 1777 என்ற அனுமதி கொடுக்கலாம். எல்லாரும் எழுதலாம், ஒருவர் கோப்பை இன்னொருவர் அழிக்க முடியாது. கோர் கோப்பை உரிமையாளர் மட்டும் படிக்கும்படியாகத்தான் கெர்னல் உருவாக்குகிறது, ஆகவே மற்றவர்கள் உள்ளே எட்டிப்பார்க்கவும் முடியாது.

பிறகு பேட்டர்ன். விழுக்காட்டுக் குறிக்குப் பின் ஓர் எழுத்து வந்தால் கெர்னல் அந்த இடத்தில் ஒரு தகவலை நிரப்பும். %இ (e) என்றால் புரோகிராமின் பெயர், %பி (p) என்றால் புராசஸ் எண், %எஸ் (s) என்றால் எந்த சிக்னலால் விழுந்தது, %ஹெச் என்றால் கணினியின் பெயர். %டி (t) என்றால் விழுந்த நேரம். 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகளாக அது வரும். நான் பரிந்துரைப்பது இது:

/வார்/கோர்ஸ்/கோர்.%இ.%பி.%டி

சிக்னல் எண்ணையும் பெயரில் சேர்ப்பவர்கள் உண்டு. கோப்பைத் திறந்தாலே டீபக்கர் அதைச் சொல்லிவிடும் என்பதால் எனக்கு அது அவசியமாகப் படவில்லை. ஆனால் %இ விஷயத்தில் இரண்டு கவனிப்புகள் உண்டு. அது 15 எழுத்துக்கு மேல் வராது; நீளமான பெயர்கள் வெட்டுப்படும். அடுத்து, பல த்ரெட்கள் உள்ள புரோகிராமில் விழுந்த த்ரெட்டுக்குத் தனிப்பெயர் இருந்தால் அந்தப் பெயர்தான் வரும். உங்கள் புரோகிராமின் பெயரே இல்லாத கோர் கோப்பைப் பார்த்தால் பதற வேண்டாம், காரணம் பெரும்பாலும் இதுதான். முழுப் பாதையும் வேண்டுமென்றால் பெரிய எழுத்து இ போடுங்கள். பாதையில் உள்ள சாய்கோடுகளுக்குப் பதில் ஆச்சரியக்குறி போட்டுப் பெயரில் சேர்த்துக்கொள்ளும். ஆனால் மொத்தப் பேட்டர்னும் 128 பைட்டுக்குள் அடங்க வேண்டும்.

நேரத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். சேர்த்தால் ஒவ்வொரு விழுகைக்கும் தனித்தனிக் கோப்பு. விழுந்தால் உடனே மீண்டும் தொடங்கும்படி ஒரு சேவையை அமைத்திருந்து, அது தொடங்கிய நொடியிலேயே திரும்பத் திரும்ப விழுந்தால், ஒரே இரவில் வட்டு நிரம்பிவிடும். வட்டு நிரம்பினால் மற்ற சேவைகளும் சேர்ந்து படுத்துவிடும். சின்ன வட்டுள்ள சர்வரில் %இ மட்டும் போட்டு, ஒரு புரோகிராமுக்குக் கடைசி ஒரு கோப்பு போதும் என்று வைத்துக்கொள்வது நல்ல முடிவு. அப்படிச் செய்யும்போது கோர்_யூஸஸ்_பிஐடி என்ற இன்னொரு அமைப்பு 0 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். அது 1 ஆக இருந்தால், பேட்டர்னில் %பி இல்லாவிட்டாலும் கெர்னல் புராசஸ் எண்ணைக் கடைசியில் ஒட்டிவிடும். அப்புறம் கோப்புகள் மறுபடி பெருகும். எப்படியானாலும் /வார்/கோர்ஸ் டைரக்டரியைத் தனி வட்டுப் பிரிவாக (பார்ட்டிஷன்) வைக்க முடிந்தால் வைத்துவிடுங்கள், நிம்மதி.

இப்போது அமைப்பைப் போடலாம். உடனே நடைமுறைக்கு வர, 'சூடோ சிஸ்சிடிஎல் -டபிள்யூ' என்று தட்டி, அதன் பின் கெர்னல்.கோர்_பேட்டர்ன் = என்று சேர்த்து, மேலே சொன்ன பாதையை எழுத வேண்டும். சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி இல்லாமல் எழுதுங்கள். இது கணினியை மறுபடி தொடங்கும்வரைதான் நிற்கும். நிரந்தரமாக்க, /ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி/ டைரக்டரிக்குள் .கான்ஃப் என்று முடியும் ஒரு புதிய கோப்பில் அதே வரியை எழுதி, 'சூடோ சிஸ்சிடிஎல் --சிஸ்டம்' என்று தட்டினால் போதும். கோப்பின் பெயரை 90 போன்ற பெரிய எண்ணில் தொடங்குங்கள். பெயர் வரிசைப்படிதான் படிக்கப்படும், பின்னால் வருவதே நிலைக்கும். சிஸ்டம்டி தன் பேட்டர்னை 50 என்று தொடங்கும் கோப்பில் வைத்திருக்கிறது.

உபுண்டுவில் இது மட்டும் போதாது. அபோர்ட் சேவை தொடங்கும்போது கோர்_பேட்டர்னைத் தன் வசதிக்கு மாற்றி எழுதிவிடும். நாம் எழுதியது நிலைக்க வேண்டுமென்றால் அந்தச் சேவையை நிறுத்தி, அடுத்த முறையும் தொடங்காதபடி முடக்க வேண்டும். 'நேற்று வேலை செய்தது, ரீபூட் செய்ததும் போய்விட்டது' என்ற புலம்பலுக்கு இதுதான் வழக்கமான காரணம்.

வரம்பு என்ற இன்னொரு கதவு

பேட்டர்னைச் சரியாக எழுதியும் கோப்பு வராமல் போகலாம். ஏனென்றால் கோர் கோப்பு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று ஒவ்வொரு புராசஸுக்கும் ஒரு வரம்பு உண்டு. டெர்மினலில் 'யூலிமிட் -சி' என்று தட்டிப் பாருங்கள். பல கணினிகளில் 0 என்று வரும். 0 என்றால் கோப்பே கிடையாது. 'யூலிமிட் -சி அன்லிமிடெட்' என்று தட்டினால் அந்த ஷெல்லிலும் அதிலிருந்து தொடங்கும் புரோகிராம்களிலும் வரம்பு நீங்கும். சின்ன எண்ணைக் கொடுத்தால் அந்த அளவோடு கோப்பு வெட்டுப்படும். வெட்டுப்பட்ட கோர் கோப்பு பெரும்பாலும் உதவாது, ஆகவே ஒன்று முழுதாக எடுங்கள், இல்லையென்றால் வேண்டாம் என்று விடுங்கள்.

'அதிலிருந்து தொடங்கும் புரோகிராம்களிலும்' என்றதைக் கவனியுங்கள். வரம்பு என்பது தாய்ப் புராசஸிலிருந்து பிள்ளைக்குப் போவது. உங்கள் டெர்மினலில் யூலிமிட்டை மாற்றிவிட்டு சிஸ்டம்டி தொடங்கும் ஒரு சேவையின் கோர் கோப்புக்காகக் காத்திருந்தால் அது வராது. அந்தச் சேவை உங்கள் ஷெல்லின் பிள்ளை இல்லை. அதற்கு, சேவையின் யூனிட் கோப்பில் 'சர்வீஸ்' பகுதிக்குள் லிமிட்கோர்=இன்ஃபினிட்டி என்று ஒரு வரி எழுதி (LimitCORE=infinity என்று, பெரிய எழுத்துகள் இதே இடங்களில்), டீமன்-ரீலோட் செய்து, சேவையை மறுபடி தொடங்க வேண்டும். பயனர்கள் உள்நுழைந்து ஓட்டும் புரோகிராம்களுக்கு /ஈடிசி/செக்யூரிட்டி/லிமிட்ஸ்.கான்ஃப் கோப்பில் எழுதலாம். புதிதாக உள்நுழைந்த பிறகுதான் அது பலிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் புராசஸுக்கு இப்போது என்ன வரம்பு என்று ஊகிக்க வேண்டியதில்லை. /ப்ராக்/ டைரக்டரிக்குள் அதன் எண்ணில் இருக்கும் டைரக்டரியில் 'லிமிட்ஸ்' என்ற கோப்பைப் படித்தால் தெரிந்துவிடும்.

பேட்டர்ன் நெட்டுக்கோட்டில் தொடங்கினால் கெர்னல் இந்த வரம்பைப் பொருட்படுத்துவதில்லை. உபுண்டுவில் யூலிமிட் 0 என்று இருந்தும் 'கோர் டம்ப்ட்' என்று திரையில் வருவது இதனால்தான்.

இன்றே விழவைத்துப் பாருங்கள்

அமைத்துவிட்டோம் என்று நம்பிவிடக் கூடாது. வேண்டுமென்றே ஒன்றை விழவைத்துப் பார்த்துவிடுவதுதான் சரி. 'ஸ்லீப் 100' என்று ஓட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல் விசையையும் பின்சாய்வுக் கோட்டையும் \ சேர்த்து அழுத்துங்கள். இது 3ஆம் எண் சிக்னலை அனுப்பும். அதற்கும் கோர் டம்ப் உண்டு. /வார்/கோர்ஸ் டைரக்டரியில் ஸ்லீப்பின் பெயரோடு ஒரு கோப்பு வந்திருந்தால் எல்லாம் சரி. சேவைகளுக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள்: பயனர்கள் இல்லாத நேரத்தில், சோதனை சர்வரில், 'கில் -11' என்று சேவையின் புராசஸ் எண்ணுக்கு அனுப்புங்கள். சேவை அந்த சிக்னலைத் தானே கையாளும்படி எழுதப்பட்டிருந்தால் நடப்பது மாறலாம். அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லதுதானே.

கோப்பைப் படிப்பது

கோர் கோப்பைப் படிக்க ஜிடிபி (gdb) என்ற டீபக்கர் போதும். 'ஜிடிபி' என்று தட்டி, இடைவெளி விட்டுப் புரோகிராமின் பாதை, மறுபடி இடைவெளி விட்டுக் கோர் கோப்பின் பாதை. உள்ளே போனதும் 'பிடி' (bt) என்று தட்டுங்கள். விழுந்த நொடியில் எந்த ஃபங்ஷனை எது அழைத்தது என்ற வரிசை வரும். மேலே #0 என்பது விழுந்த இடம். கீழே போகப் போக அதை அழைத்தவர்கள்.

ஓர் உதாரணம். பில் போடும் புரோகிராம் ஒன்று, வாடிக்கையாளர் எண்ணைக் கொடுத்தால் பட்டியலில் தேடி அவர் பெயரை அச்சிடும். எண் கிடைக்காவிட்டால் தேடும் ஃபங்ஷன் நல் பாயின்டரைத் திருப்பித் தரும். அதை யாரும் சரிபார்க்கவில்லை. #0 பெயரை அச்சிடும் ஃபங்ஷனைக் காட்டும். வாடிக்கையாளர் பாயின்டர் 0 என்று அங்கேயே தெரியும். ஆனால் தவறு அங்கே இல்லை. 'ஃப்ரேம் 1' என்று தட்டி ஒரு படி கீழே போய், 'பிரின்ட்' கட்டளையால் வாடிக்கையாளர் எண்ணைப் பார்த்தால், நீக்கப்பட்ட வாடிக்கையாளர் ஒருவரின் எண் இருக்கிறது. இப்போது கதை புரிந்துவிட்டது: பழைய பில் ஒன்று நீக்கப்பட்டவரைச் சுட்டிக்கொண்டு நிற்கிறது. உங்கள் மடிக்கணினியில் அப்படி ஒரு பில் இல்லை, அதனால்தான் அங்கே விழவில்லை. எந்த லாக் வரியும் இதை இவ்வளவு நேராகச் சொல்லியிருக்காது. பல த்ரெட்கள் உள்ள புரோகிராம் என்றால் 'த்ரெட் அப்ளை ஆல் பிடி' என்று தட்டி எல்லாவற்றின் வரிசையையும் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் தெரிய வேண்டுமென்றால் புரோகிராமை -ஜி என்ற தேர்வோடு கம்பைல் செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபங்ஷன் பெயர்கள் வந்தாலும் மாறிகளும் வரி எண்களும் வராது; பெயர்களும் நீக்கப்பட்ட கோப்பு என்றால் கேள்விக்குறிகளும் முகவரிகளும்தான் வரும். -ஜி சேர்ப்பதால் கோப்பு பெரிதாகும், வேகம் குறையாது. சர்வரில் இடம் குறைவென்றால் டீபக் தகவலைப் பிரித்து வேறிடத்தில் வைத்துக்கொள்ளலாம். வேகத்துக்காக -ஓ2 (ஓ பெரிய எழுத்தில்) தேர்வோடு கம்பைல் செய்தால் சில மாறிகளுக்கு 'ஆப்டிமைஸ்டு அவுட்' என்று வரும். அப்போது அழைத்த ஃபங்ஷனுக்குப் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே மதிப்பு கிடைத்துவிடும்.

ஜிடிபிக்குக் கொடுக்கும் புரோகிராம், விழுந்த அதே புரோகிராமாக இருக்க வேண்டும். அதே மூலநிரல் என்றால் போதாது, அதே கம்பைல் செய்த கோப்பு வேண்டும். இதற்குக் காரணம் கோர் கோப்பில் என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது. ஒவ்வொரு புராசஸுக்கும் கோர்டம்ப்_ஃபில்டர் என்று ஓர் அமைப்பு உண்டு. எந்த வகை நினைவகத்தை எழுத வேண்டும் என்பதை ஒவ்வொரு பிட்டாகச் சொல்லும். அதன் வழக்கமான மதிப்பு பதினாறடிமான எண்ணில் 33. அந்த மதிப்பில் ஸ்டேக்கும் ஹீப்பும், அதாவது புரோகிராம் ஓடும்போது தன் தரவுகளை வைத்திருக்கும் பகுதிகள், கோப்பில் வரும். புரோகிராமின் கட்டளைகளும் லைப்ரரிகளும் ஏற்கெனவே வட்டில் கோப்புகளாக இருப்பதால் அவற்றை மறுபடி எழுதி இடத்தை வீணாக்காது. அடையாளம் காண உதவும் தலைப்பகுதியை மட்டும் எழுதும். ஆக, நீங்கள் வெளியிட்ட ஒவ்வொரு பதிப்பின் பைனரியையும் பத்திரமாக வைத்திருந்தால்தான் கோர் கோப்பு பேசும். புதிய பதிப்பைப் போட்டுப் பழையதை அழித்துவிட்டு, பழைய கோர் கோப்பைத் திறந்தால் வருகிற வரிசை நம்ப முடியாததாக இருக்கும்.

கன்டெய்னரில் ஓடும் புரோகிராம்கள்

டாக்கர் மாதிரி கன்டெய்னர்களில் ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோர்_பேட்டர்ன் கணினி முழுவதற்கும் ஒன்றே. கன்டெய்னருக்கென்று தனியாகக் கிடையாது. ஹோஸ்ட்டில் (கன்டெய்னர்களை ஓட்டும் கணினியில்) எழுதியதுதான் அதில் ஓடும் எல்லாக் கன்டெய்னர்களுக்கும். பேட்டர்ன் ஒரு பாதையாக இருந்தால், அந்தப் பாதை கன்டெய்னருக்குள் தேடப்படும். அங்கே /வார்/கோர்ஸ் இல்லையென்றால் கோப்பும் இல்லை. இருந்தாலும் கன்டெய்னரை நீக்கும்போது கோப்பும் சேர்ந்து போய்விடும். ஹோஸ்ட்டின் டைரக்டரி ஒன்றை வால்யூமாக உள்ளே இணைத்துவிடுவதே வழி. பேட்டர்ன் நெட்டுக்கோட்டில் தொடங்கினால் நேர் எதிர்: உதவி புரோகிராம் கன்டெய்னருக்கு வெளியே, ஹோஸ்ட்டில், ரூட் அதிகாரத்தோடு ஓடும். கன்டெய்னருக்குள் எல்லாப் புரோகிராமும் சின்ன எண்களோடு ஓடுவதால் %பி தரும் எண் 1, 7 என்று குழப்பும். ஹோஸ்ட் பார்க்கும் எண் வேண்டுமென்றால் பெரிய எழுத்து பி போடுங்கள்.

கோப்பில் இருக்கும் ரகசியங்கள்

புரோகிராமின் நினைவகத்தில் என்னவெல்லாம் இருந்ததோ அதெல்லாம் கோர் கோப்பில் இருக்கும். தரவுத்தளக் கடவுச்சொல், தனிச் சாவி, பயனர் அப்போது அனுப்பிய படிவம், எல்லாம். ஆகவே கோர் கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவதோ பொது இடத்தில் பதிவேற்றுவதோ கூடாது. உதவி கேட்கும்போது 'பிடி' தந்த வரிசையை மட்டும் கொடுங்கள், அதையும் ஒரு முறை படித்துவிட்டு.

கெர்னலும் இதை நினைத்து ஒரு தடை வைத்திருக்கிறது. தொடங்கியவரைவிடக் கூடுதல் அதிகாரத்தோடு ஓடும் செட்யுஐடி வகைப் புரோகிராம்கள் விழுந்தால் கோர் டம்ப் எடுக்காது. இதைக் கட்டுப்படுத்தும் அமைப்பு எஃப்எஸ்.எஸ்யுஐடி_டம்பபிள், கெர்னலின் வழக்கமான மதிப்பு 0. அதை 2 ஆக்கினால் ரூட் மட்டும் படிக்கும்படி எடுக்கும், அதுவும் பேட்டர்ன் முழுப் பாதையாகவோ நெட்டுக்கோட்டில் தொடங்குவதாகவோ இருந்தால் மட்டும். 1 என்பது சோதனைக்கூடத்துக்கு மட்டும், வேறெங்கும் வைக்காதீர்கள். இது வெறும் ஏட்டளவு எச்சரிக்கை இல்லை. 2025 மே மாதத்தில் குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அபோர்ட்டிலும் சிஸ்டம்டி-கோர்டம்ப்பிலும் ஆளுக்கொரு ஓட்டையை வெளியிட்டார்கள். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் ஒரு செட்யுஐடி புரோகிராமை விழவைத்து, அதன் புராசஸ் எண் மறுபடி பயன்படுத்தப்படும் குறுகிய இடைவெளியைப் பிடித்து, கோர் டம்ப்பிலிருந்து கடவுச்சொல் ஹாஷ்களை எடுக்க முடியும் என்று காட்டினார்கள். திருத்தம் வரும்வரை தற்காலிகப் பாதுகாப்பாகச் சொல்லப்பட்டதும் இந்த அமைப்பை 0 ஆக்கிவிடுங்கள் என்பதுதான். செட்யுஐடி புரோகிராமையே நீங்கள் டீபக் செய்யாதவரை 0 என்று வைப்பதில் உங்களுக்கு எந்த இழப்பும் இல்லை.

நீங்களே எழுதும் புரோகிராமாக இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். சாவிகள் வைத்திருக்கும் நினைவகப் பகுதியைக் கோர் டம்ப்பில் சேர்க்காதே என்று எம்அட்வைஸ் அழைப்பின் வழியாகக் கெர்னலிடம் சொல்லலாம். 3.4 கெர்னலிலிருந்து இந்த வசதி இருக்கிறது.

விழாமல் உறைந்துபோனால்

சில புரோகிராம்கள் விழுவதில்லை. பதில் சொல்லாமல் அப்படியே நின்றுவிடுகின்றன. இரண்டு த்ரெட்கள் ஆளுக்கொரு பூட்டைப் பிடித்துக்கொண்டு மற்றதன் பூட்டுக்காகக் காத்திருந்தால் இப்படித்தான் ஆகும். சிக்னல் எதுவும் வராததால் கெர்னல் தானாக எதையும் எழுதாது. பலர் உடனே 'கில் -9' போட்டுச் சேவையை மறுபடி தொடங்கிவிடுகிறார்கள். மேலே பார்த்தோமே, 9க்குக் கோர் டம்ப் கிடையாது, தடயம் அத்தோடு போயிற்று. அதற்குப் பதில் 'கில் -6' அனுப்புங்கள். நாம் அமைத்த பேட்டர்ன்படி கோர் கோப்பு விழும், சேவையும் முடியும். சேவையை நிறுத்தவே கூடாது என்றால் ஜிடிபியோடு வரும் 'ஜிகோர்' கட்டளைக்குப் புராசஸ் எண்ணைக் கொடுங்கள். புராசஸைச் சில நொடி நிறுத்தி, கோர் கோப்பை எடுத்துவிட்டு, ஓட்டத்தைத் தொடரவிடும். நினைவகம் பெரிதாக இருந்தால் அந்த நிறுத்தம் நீளும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உபுண்டு போன்றவற்றில் சாதாரணப் பயனராக இதை ஓட்டினால் அனுமதி மறுக்கப்படும், யாமா என்ற பாதுகாப்புப் பகுதி தடுப்பதால். அங்கே சூடோவோடு ஓட்டுங்கள். கோப்பைத் திறந்து 'த்ரெட் அப்ளை ஆல் பிடி' போட்டால், எந்த த்ரெட் எந்தப் பூட்டுக்காக நிற்கிறது என்பது வரிசையாகத் தெரியும்.